கார்க்கியின் ஊரில் ஒரு நடை

(தொழிற்சங்க வாசகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு நாவலாசிரியரைப் பற்றிப் பேசச் சொல்லி நமக்கு உத்தரவு. ஆளைப் பற்றிப் பேசுவதைவிட, அவர் நடந்த தெருக்களில் நாமும் ஒரு நடை நடந்து வரலாமே என்று தோன்றியது. செலவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே நடக்கலாம்.

ஊரின் பெயர் நிழ்னி நோவ்கோரத். ருஷ்யாவில், வோல்கா நதியோடு ஓகா நதி வந்து கலக்கிற இடம். 1868இல் அலெக்ஸி பெஷ்கோவ் என்ற குழந்தை அங்கே பிறந்தது. அந்தக் குழந்தைதான் பின்னால் மாக்சிம் கார்க்கி. கார்க்கி என்றால் கசப்பு என்று பொருள். 1932இல் ஊருக்கே கார்க்கி என்று பெயர் வைத்தார்கள். 1990இல் அதை நீக்கிப் பழைய பெயரைக் கொண்டு வந்தார்கள். பெயரை நீக்கினார்களே தவிர, சிலையை நீக்கவில்லை. 1952இல் வைத்த சிலை அதே சதுக்கத்தில் நிற்கிறது.

மேட்டிலே கோட்டை. அங்கிருந்து ஆற்றை நோக்கி இறங்குகிற சரிவில் ஒரு சின்ன மரவீடு. கார்க்கியின் தாத்தா காஷிரின் வீடு. 1938 முதல் அதைக் காட்சிசாலையாக வைத்துக் காப்பாற்றுகிறார்கள். தகப்பனார் காலராவில் செத்துப்போக, சிறு பிள்ளையாக இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார் கார்க்கி. தாத்தா யார்? இளமையில் வோல்காக் கரையில் மார்பிலே கயிற்றைப் பூட்டிக்கொண்டு படகு இழுத்த கூலி. பிறகு சாயப்பட்டறை வைத்து நாலு காசு சேர்த்தார். காசு சேர்ந்ததும் கயிற்றின் தழும்பு மறந்துபோயிற்று. வீட்டுப் பிள்ளைகளையே சனிக்கிழமைதோறும் பெஞ்சியில் படுக்க வைத்துப் பிரம்பால் விளாசுவார். மாமன்மார் இருவரும் சொத்துக்காக அடித்துக்கொள்வார்கள். நம்மிடையேயும் மேஸ்திரி ஆனதும் மாறிப்போனவர்கள் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அந்த நரகத்தில் பிள்ளையைக் காப்பாற்றியது பாட்டி. அவள் சொன்ன கதைகள் ஏட்டிலே படித்தவை அல்ல. காதாலே கேட்டு நெஞ்சிலே வைத்திருந்தவை. பள்ளிக்கூடத்தில் பரிசாக வந்த புத்தகங்களைப் பையன் என்ன செய்தான் தெரியுமா? பாட்டி காசில்லாமல் நோயில் கிடந்தாள். புத்தகங்களைக் கடையில் போட்டு 55 கோபெக் வாங்கி அவள் கையில் கொடுத்தான். அத்தோடு படிப்பு முடிந்தது. தாயும் இறந்தாள். இனி உனக்கு இங்கே சோறில்லை, வெளியே போய்ப் பிழை என்று தாத்தா அனுப்பிவிட்டார். அப்போது வயது பத்தோ பதினொன்றோ. செருப்புக்கடை எடுபிடி, கப்பலில் பாத்திரம் கழுவுகிறவன், சாமிப்படம் எழுதுகிற பட்டறையில் கையாள். கப்பலின் சமையற்காரர் ஒருவர்தான் பெட்டி நிறையப் புத்தகம் வைத்திருந்து இவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

இன்னும் கீழே இறங்கினால் பழைய கடைவீதி. மாவு வியாபாரத்தில் பெரும் பணம் குவித்த புக்ரோவ் குடும்பம் கட்டிய இராத்தங்கல் விடுதி அங்கே இருக்கிறது. வீடற்ற கூலிகளுக்கு இரவு படுக்க இடம், விடிந்தால் தெரு. இப்படிப்பட்ட மனிதர்களைப் பார்த்துத்தான் ‘அதல பாதாளத்தில்’ என்ற நாடகம் பிறந்தது. 1902இல் மாஸ்கோ மேடையில் அதைப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

இனி ஓகாவைத் தாண்ட வேண்டும். கால் வலித்தாலும் நடப்போம், ஏனென்றால் நம் இடம் அங்கேதான் இருக்கிறது. சோர்மோவோ! 1849இல் தொடங்கிய பெரிய தொழிற்சாலை. 1902 மே தினத்தன்று அதன் தொழிலாளர்கள் ஊர்வலம் புறப்பட்டார்கள். சிப்பாய்கள் துப்பாக்கியில் ஈட்டி செருகி வந்தார்கள். மற்றவர்கள் கலைந்தபோதும் செங்கொடியைக் கீழே போடாமல் நின்றான் ஒரு வாலிபன், பியோத்தர் ஜலோமோவ். சைபீரியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவன் தப்பி வரக் கார்க்கி பணம் அனுப்பினார். இந்த ஜலோமோவும் அவன் தாய் அன்னாவும்தான் ‘தாய்’ நாவலின் பாவெலும் நீலவ்னாவும். 1906இல் எழுதிய அந்த நூலைத் தோழர் ரகுநாதன் நமக்குத் தமிழில் தந்தார்.

நீலவ்னா யார்? புருஷனிடம் அடிபட்டே காலம் கழித்தவள். நாற்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கி, வெட்கப்பட்டு அழுதவள். மகன் சிறை போனபின் சோற்றுக்கூடையோடு ஆலைக்குள் நுழைந்து துண்டுப் பிரசுரம் கொடுத்தவள். வாசற்காவலன் ஆண்களைத்தான் சோதித்தான். சோறு விற்கும் கிழவியை யார் சந்தேகிப்பார்கள்?

இங்கே நடையை நிறுத்தி, நம் வாசகசாலைக்கு வருவோம். போன வருஷம் எட்டு வாரம் ‘தாய்’ படித்தோம். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்டோம். வாராவாரம் இருபது, இருபத்தைந்து பேர். அத்தனையும் ஆண்கள். பெண்கள் எங்கே இருந்தார்கள்? பின்கட்டில் நமக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார்கள்! அந்த டீயைக் குடித்துக்கொண்டுதான் நீலவ்னாவின் விழிப்பைப் பற்றி விவாதித்தோம். அந்த வட்டத்தை நடத்தியவர்கள் நாமே. யாரையும் குறை சொல்லவில்லை.

படித்து முடித்து இரண்டு மாதம் கழித்து, நடவுக்குப் போகிற ஒரு சகோதரி நம்மை வழியில் நிறுத்திக் கேட்டார்: “அண்ணே, அந்தம்மாவை ஸ்டேஷன்ல போலீஸ் பிடிச்சுதே, அப்புறம் விட்டாங்களா? அன்னைக்கு டம்ளர் கழுவப் போயிட்டேன், கடைசி காதுல விழலை.”

எட்டு வாரமும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். நமக்குத் தெரியாது. கடைசி அத்தியாயத்தை அங்கேயே, வரப்பில் நின்றபடியே சொன்னோம். விடவில்லை என்றதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. “பெட்டியிலே இருந்த காயிதம்?” என்றார். ஜனங்கள் கைக்குப் போய்விட்டது என்றோம். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டு நடவுக்கு இறங்கினார்.

ஆகவே நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. வருகிற ஞாயிறு முதல் ‘தாய்’ மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து. நேரம் மாலை மூன்று மணி. பெண்களைக் கேட்டு வைத்த நேரம் அது. எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படிப்புக்கு முன் அரைமணி எழுத்து வகுப்பு. பிள்ளைகளை ஆலைத் தோழர்கள் நால்வர் பார்த்துக்கொள்வார்கள், பெயர் கொடுத்துவிட்டார்கள். டீ போட இன்னும் இரண்டு பேர் தேவை. ஆண்கள் மட்டும் பெயர் கொடுக்கவும்.