ஏரி நீச்சலும் தமிழ்க் கவிதையும்



புறநானூற்றின் 243ஆம் பாடல் ஒரு முதியவரின் இருமலுக்கிடையே பிறந்த பாடல். கையில் பூண் கட்டிய தடியை ஊன்றியபடி அவர் தம் இளமையை நினைத்துப் பார்க்கிறார். மணலில் பாவை செய்து பூச்சூட்டி விளையாடிய பெண்களோடு கைகோத்து நீரில் திளைத்த நாள்கள் நினைவுக்கு வருகின்றன. பின்னர் நீர்த்துறையில் தாழ்ந்து கிடந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்போர் வியக்க, நீர் தெறிக்கக் குதித்து, ஆழத்தின் அடிக்குச் சென்று மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்ததைச் சொல்கிறார். அந்த இளமை இப்போது எங்கே என்று கேட்பதோடு பாட்டு நின்றுவிடுகிறது.

பாடியவரின் இயற்பெயர் தெரியவில்லை. பாட்டில் வரும் தடியையே பெயராக்கி, தொடித்தலை விழுத்தண்டினார் என்று தொகுத்தோர் அழைத்தனர். பாடலுக்கு அவர்கள் வகுத்த துறை கையறுநிலை. பெரும்பாலும் மன்னனோ வள்ளலோ மறைந்தபோது புலவர் புலம்புவதற்குரிய துறை அது. இங்கே இறந்தவர் எவரும் இல்லை. நீந்தத் தெரிந்த ஓர் உடல்தான் மறைந்திருக்கிறது. அந்த இழப்பையும் ஒரு சாவுக்கு நிகராக வைத்த தொகுப்பாளரின் நுட்பம் இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

இப்பாட்டின் உயிர் அந்தக் கைப்பிடி மணலில் இருக்கிறது. ஆழம் தொட்டேன் என்று வாயால் சொன்னால் கரையில் நிற்பவர் நம்பமாட்டார்; மணல் சாட்சி சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் வளர்ந்த எந்தச் சிறுவனுக்கும் இந்த வழக்கம் தெரியும். முங்கு நீச்சல் போட்டுப் போனவன் அடிச்சேற்றை அள்ளிக் கையை உயர்த்திக் காட்டினால்தான் பந்தயம் ஜெயித்ததாகும். ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரு சடங்கு மாறாமல் வந்திருக்கிறது என்றால், அதைக் காத்தவை ஏடுகள் அல்ல, ஏரிகளும் பிள்ளைகளும்தாம்.

நீரின் ஆழத்திற்குத் தமிழில் பஞ்சமில்லாத சொற்கள் உண்டு. குட்டம், கயம், மடு, பொய்கை, இலஞ்சி என்று நூல்வழக்கில் எத்தனையோ இருக்க, ஊர்வழக்கில் கணுக்காலளவு, முழங்காலளவு, இடுப்பளவு, கழுத்தளவு, ஆளுயரம், நிலைகொள்ளாத தண்ணீர் என்று உடலே அளவுகோலாகிறது. நீந்தப் பழகுபவனின் இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிவிடுவார்கள், வாழைத்தண்டும் துணையாகும். சங்கப் பாடல்களில் இத்தகைய மிதவைக்குப் புணை என்று பெயர். காதலுக்கே உவமையாகிப்போன சொல் அது. இன்று அதை அகராதியில் தேடுகிறார்கள்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் ஏரிகளை நம்பி வாழ்ந்த நிலம். தென்கோடியில் கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு, இடையே மழைக்கு மட்டும் ஓடும் மருதையாறு. மற்றதெல்லாம் பச்சைமலைச் சரிவிலிருந்தும் மேட்டுக் காடுகளிலிருந்தும் இறங்கும் மழைநீர். அதைத் தேக்கி வைக்கும் கரைகள். கங்கைகொண்ட சோழபுரத்தருகே முதலாம் இராசேந்திரன் வெட்டிய சோழகங்கம், இன்றைய பொன்னேரி, சுமார் 16 மைல் நீளக் கரை கொண்டிருந்ததாகச் சொல்லப்படுகிறது. திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீரால் ஆன வெற்றித்தூண் என்று புகழ்கிறது. தோற்ற அரசர்கள் சுமந்து வந்த கங்கை நீர் அதில் கலந்ததாம். வெற்றித்தூணைக் கல்லில் நட்டவர்கள் பலர். நீரில் நட்டவன் இவன். அந்தத் தூணில் குளித்தெழுந்த குடியானவரைப் பற்றிச் செப்பேடு ஒன்றும் சொல்லவில்லை என்பது வேறு செய்தி. கரைவெட்டி ஏரிக்குக் காவிரி நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வருகிறது. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வருகின்றன. 1999இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்ற அந்த ஏரியில் நீந்தும் உரிமை இப்போது பறவைகளுக்குத்தான். அதில் குறைசொல்ல ஏதுமில்லை.

ஏரி என்பது கண்ணுக்குத் தெரிவதைவிடச் சூட்சுமமானது. உள்வாயின் மறுகோடியில் முழங்காலளவாகத் தொடங்கும் நீர், கரையை நெருங்க நெருங்க ஆழமாகி, மதகடியில் ஆளை மூழ்கடிக்கும். பழைய ஏரிகளில் நீருக்கு நடுவே இரண்டு கல்தூண்கள் நிற்பதைக் காணலாம். அவை குமிழித்தூம்பின் தூண்கள். அடியில் உள்ள கல்தொட்டியின் துளையைத் திறந்தால் நீர் சுழன்று உள்ளிறங்கும். அந்தச் சுழலின் இழுப்பை அறிந்தவர்களே அவ்விடத்தில் முங்கினார்கள். தூண்மேல் ஏறிக் குதிக்க ஆசைப்பட்ட சிறுவனிடம், மதகு திறந்திருக்கும் நாளில் அந்தப் பக்கமே போகாதே என்று சொல்ல ஊரில் ஒருவர் இருந்தார்.

அதைவிடப் பெரிய ஆசான் ஒருவர் இருந்தார், அவர் கோடைக்காலம். சித்திரையில் ஏரி வற்றும். நீர் நின்ற இடத்தில் மாடு மேயும், பிள்ளைகள் விளையாடுவார்கள். எங்கே பள்ளம், எங்கே பாறை, எங்கே கருவேல முள் என்று கால்கள் தாமே படித்துக்கொள்ளும். ஐப்பசியில் நீர் நிறைந்தபின் அவர்கள் நீந்தியது முன்பே நடந்து பழகிய தரையின் மேல். மருதக் கிளையிலிருந்து குதித்த அந்தப் புறநானூற்று இளைஞனின் துணிச்சலுக்கும் இதுதான் அடிப்படையாக இருந்திருக்க வேண்டும். அவன் குதித்தது தெரியாத நீரில் அல்ல.

இந்தப் படிப்பு இப்போது பொய்த்துப்போயிற்று. மண்ணுக்காகவும் கிராவலுக்காகவும் ஏரியின் உள்வாயைத் தாறுமாறாகத் தோண்டிய இடங்களில், முழங்காலளவுத் தண்ணீருக்கு அடுத்த அடியே இரண்டு ஆளாழம். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நிறம். அரியலூர்ப் பக்கம் இன்னொரு வகை நீர்நிலையும் தோன்றியிருக்கிறது. சுண்ணாம்புக்கல் எடுத்து முடித்த குவாரிக் குழிகள் மழையில் நிரம்பி, நீலமும் பச்சையுமாய் மனத்தைக் கவர்கின்றன. அவற்றுக்குச் சரிவான கரை இல்லை, செங்குத்துச் சுவர்தான். படித்துறையும் இல்லை, கால் ஊன்றத் திட்டும் இல்லை. இறங்கியவன் களைத்தால் பற்றிக்கொள்ள ஒரு வேர்கூட இராது.

அந்தச் சுண்ணாம்புக்கல்லின் கதையும் நீரின் கதையே. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலப்பரப்பின் மேல் கடல் நின்றது. காரை, குளக்காநத்தம் ஓடைகளில் கிடக்கும் அம்மோனைட்டுச் சுருள்கள் அக்கடலில் நீந்திய உயிர்களின் எச்சங்கள். 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் உலகறியச் செய்த சாத்தனூர்க் கல்மரம், அக்கடலுக்கு அடித்துவரப்பட்டு அடியில் புதைந்த மரம். 18 மீட்டர் நீளம். கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்பு சிமெண்டாகி ஊர்தோறும் வீடாகிறது. எடுத்த பள்ளத்தில் மீண்டும் நீர் நிற்கிறது. கவிஞருக்கு இதைவிடப் பெரிய கருப்பொருளை எந்த வெளிநாடு தரப்போகிறது?

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில், மருதையாற்றின் குறுக்கே அமைந்த நீர்த்தேக்கத்தில் நடந்ததை இந்த அவையில் பலர் அறிவர். கிரிக்கெட் விளையாட வந்த இளைஞர்கள் குளிக்க இறங்கினர். நால்வர் ஆழத்தில் சிக்கினர். அங்கிருந்த ஆதனூரைச் சேர்ந்த மூன்று பெண்கள் தாங்கள் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து நீரில் வீசி, இருவரை இழுத்துக் கரைசேர்த்தனர். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அவ்வாண்டு சுதந்திர நாளில் அம்மூவருக்கும் தமிழக அரசின் கல்பனா சாவ்லா விருது வழங்கப்பட்டது.

தமிழ்க் கவிதை புனலாட்டைப் பாடத் தொடங்கிய நாள் முதல் பெண்ணின் ஆடை அதில் நனைந்துகொண்டே இருக்கிறது. பரிபாடலின் வையைப் பாடல்களிலிருந்து சிற்றிலக்கியங்கள் வரை நனைந்த துகிலும், நழுவிய துகிலும், நீர் கொண்டுபோன துகிலும் எத்தனை! கரையிலிருந்து பார்க்கும் ஆணின் கண் அது. கொட்டரையில் அதே சேலை கயிறாயிற்று. முன்பின் அறியாத ஆண்கள் முன்னே அதைக் களைவதில் ஒரு கணம் தயங்கியிருந்தால் அந்த இருவரும் இல்லை. நாணத்தை உயிரினும் மேலாக வைத்துப் பாடிய மரபுக்கு அம்மூவரும் எழுதிய மறுமொழி அது. அதற்கு ஈடான கவிதை இன்னும் வரவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

நீர் கொண்டுபோனவரைத் தேடி அழுத பெண்ணைத் தமிழ் மறக்கவில்லை. கழார்த் துறையில் காவிரி கவர்ந்த ஆட்டனத்தியைத் தேடி அலைந்த ஆதிமந்தியைப் பரணர் மீண்டும் மீண்டும் நினைவுகூர்கிறார். சிலப்பதிகாரமும் அவளைக் கரிகாலன் மகளாகப் போற்றுகிறது. மேலை நாட்டிலும் நீர் கலைஞரைக் கொண்டுபோயிருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி 1822 ஜூலை 8ஆம் நாள் இத்தாலியக் கடலில் படகோடு மூழ்கினார். அவருக்கு நீந்தத் தெரியாது. கனடாவின் காட்டு ஏரிகளைத் தீட்டிய ஓவியர் டாம் தாம்சன் 1917இல், அதே ஜூலை 8ஆம் நாள், கனூ ஏரி என்ற பெயருடைய ஏரியிலேயே தம் சிறு படகில் சென்று மறைந்தார். எட்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் அந்த நீரிலேயே துடுப்புப் போட்டவர் அவர்.

கனூ என்பது அந்நாட்டுப் பழங்குடியினர் பூர்ச்சமரப் பட்டையில் செய்த இலேசான ஓடம். கோடை விடுமுறையில் அங்கே பிள்ளைகள் ஓடத்தில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு, ஏரிக்கு ஏரி தாவி, காட்டில் தங்கி வருவதுண்டு. மாலையில் ஓடத்தைக் கரையேற்றியதும் ஏரியில் நீச்சல். பார்ப்பவருக்கு அது கட்டற்ற களிப்பு. உள்ளே கட்டுப்பாடு கடுமையானது. இத்தகைய முகாம்களில் நீந்திக் காட்டிய பின்னரே பிள்ளையை ஓடத்தில் ஏற்றுவது வழக்கம். இருவர் இருவராகவே நீரில் இறங்குவர். ஆழம் தெரியாத நீரில் தலைகுப்புறப் பாய்வதில்லை. கொள்ளிடத்தில் பரிசல் ஏறிய எவரையாவது நீந்தத் தெரியுமா என்று பரிசல்காரர் கேட்டதுண்டா?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். சிறுவர்களும் இளைஞர்களும் அதில் மிகுதி. மூழ்குபவர் பெரும்பாலும் கூவுவதில்லை. மூச்சு விடவே வாய் போதாது. கூட வந்தவர் பதறிக் குதிக்க, ஒரு சாவு இரண்டாகிறது. கொட்டரைப் பெண்கள் செய்ததுதான் முறையான வழி: எட்டும் பொருளை வீசி, பற்றச் செய்து, இழுப்பது. வங்காளதேசத்தில் ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டிச் சிறுவர் சிறுமியர்க்கு நீச்சல் கற்பித்திருக்கிறார்கள். சலவைக்கல் பதித்த நீச்சல் குளம் தேவைப்படவில்லை. நீர், மூங்கில், பழக்கிவிட ஓர் ஆள், அவ்வளவே. சிறுமியரும் அதில் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். மணற்பாவைக்குப் பூச்சூட்டிய பெண்களோடு கைகோத்து ஆடிய பாட்டைப் பெற்ற நாட்டில், இன்று ஏரியில் நீந்தும் பெண்பிள்ளையைக் காண்பது அரிதாகிவிட்டது.

நல்ல மழை பெய்த ஆண்டில் பெரம்பலூர்ப் பக்கத்து ஏரிகள் கார்த்திகையில் கலிங்கு வழிகின்றன. பாசனம் தொடங்கித் தை, மாசிக்குள் நீர் மெல்ல இறங்குகிறது. உள்வாயின் மேட்டுப்பக்கத்தில், தோண்டாத தரையுள்ள இடமாகப் பார்த்தால், சில வாரங்களுக்கு இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும். பங்குனி வெயில் அதையும் குடித்துவிடுமுன், சுரைக்குடுக்கை கட்டிய பிள்ளைகள் கை வீசிப் பழக அந்தச் சில வாரங்கள் போதும்.