பின்னணி இசையும் பிறர் உரிமையும்

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியொன்றில் என் தங்கை மகள் ஆசிரியையாக இருக்கிறாள். அப்பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அழைத்து, அந்நாளைய ஊரைப் பற்றிப் பேசச் செய்து, மாணவர்கள் கைப்பேசியிலே படம் பிடித்தனர். வெறும் பேச்சாக இருந்தால் கேட்பவர்க்குச் சலிப்புத் தட்டுமெனக் கருதி, 'நோ காப்பிரைட்' என்று தலைப்பிட்டிருந்த புல்லாங்குழல் இசையொன்றை எங்கிருந்தோ எடுத்து, பேச்சின் அடியிலே மெல்ல ஒலிக்கவிட்டு, இணையத்தில் ஏற்றினர்.

சில வாரங்களில் அவ்விசையின் உரிமையாளர் முறையிட்டார். காணொளியின் ஒலி முழுவதும் அடக்கப்பட்டது. இசையோடு பெரியவரின் குரலும் போயிற்று. பேச்சை மட்டும் கொண்டிருந்த மூலப் பதிவையோ, கைப்பேசியில் இடம் போதவில்லையென்று பிள்ளைகள் முன்னரே அழித்துவிட்டிருந்தனர். குரலையும் இசையையும் பிரிக்கும் கருவிகள் இன்று உண்டு. அவற்றைக் கொண்டு முயன்றோம். கிடைத்த குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. மீண்டும் பேச வைக்கலாமென்றால், அதற்குள் பெரியவர் காலமாகிவிட்டார்.

"இலவசம் என்றுதானே போட்டிருந்தது, மாமா?" என்று அவள் கேட்டாள். மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அது சட்டக் கேள்வியாகத் தோன்றுமுன் சொற்பொருட் கேள்வியாகவே தோன்றிற்று. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்னும் ஒரே சொல் விலையின்மையையும் குறிக்கும், கட்டின்மையையும் குறிக்கும். தமிழில் அவை வெவ்வேறு. கோயிலில் அன்னதானம் விலையின்றிக் கிடைக்கிறது; அதனால் மடைப்பள்ளி நம்முடையதாகிவிடுவதில்லை. இணையத்தில் விலையின்றிக் கிடைக்கும் இசையிற் பெரும்பகுதி இத்தகையதே. அதற்கு உரிமையாளர் உண்டு. அவர் சில நிபந்தனைகளின்பேரில் நமக்கு இசைவு தந்திருக்கிறார். அந்நிபந்தனை என்னவென்று படித்தறிவதே நம் கடமை.

'ராயல்டி ஃப்ரீ' என்றொரு தொடரும் வழங்குகிறது. இதனை 'இலவசம்' என மொழிபெயர்ப்பாரும் உளர். அதன் பொருள், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியே உரிமைத் தொகை செலுத்த வேண்டியதில்லை என்பதே. முதலில் ஒருமுறை விலை கொடுத்து உரிமம் பெறவேண்டி இருக்கலாம். ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்ப்பதனால் ஒரு பள்ளியின் உழைப்பு வீணாகக்கூடும் என்பதை எண்ணும்போது, என் தொழிலின்மீது எனக்கே சற்று அச்சம் உண்டாகிறது.

உரிமை முற்றும் தீர்ந்துபோன இசை இல்லையா எனில், உண்டு. ஆயின் இசையின் உரிமை ஒரே உரிமையன்று; அடுக்கடுக்கானது. நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன்படி, பாடலை இயற்றியவருக்கும் இசை அமைத்தவருக்கும் உள்ள உரிமை, அவர்தம் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நிற்கும். ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நிற்கும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் உள்ள உரிமை 50 ஆண்டுகள்.

இந்த மண்ணிலிருந்தே எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். பாலக்காட்டுச் சீமை தந்த சங்கீத மேதை செம்பை வைத்தியநாத பாகவதர் 1974இல் மறைந்தார். அவர் பாடிய தியாகராஜ கீர்த்தனை ஒன்றை நாம் பின்னணியில் வைக்க எண்ணுவதாகக் கொள்வோம். தியாகராஜ சுவாமிகள் 1847இல் சித்தியடைந்தவர். கீர்த்தனை எவருக்கும் பொது. அதனை நீங்கள் பாடலாம், வாசிக்கலாம், பதியலாம். ஆனால் பாகவதர் பாடிய இசைத்தட்டு 1970இல் வெளிவந்ததாயின், அவ்வொலிப்பதிவின் உரிமை 2030ஆம் ஆண்டு முடியும்வரை நிற்கும். பாட்டு பொதுச் சொத்து. தட்டு பொதுச் சொத்தன்று. அன்றியும், சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். இணையமோ எல்லா நாட்டுக்கும் பொதுவான திண்ணை. இங்கே காலாவதியான உரிமை வேறு நாட்டில் உயிரோடு இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைத்தல் நலம்.

பாட்டுக்கு உரிமையாளர் யார் என்ற வழக்கு தமிழர்க்குப் புதிதன்று. மகாகவி பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை பல கைகள் மாறிப் பட அதிபர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்திருந்தது. 1948இல் டி. கே. எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலொன்று இடம்பெறவே, உரிமைப் பூசல் மூண்டது. பாரதியைத் தனியொருவர் உடைமையாக்கலாமா என்று எழுத்தாளரும் பொதுமக்களும் கிளர்ந்தெழுந்தனர். 1949இல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமையைத் தன்வசம் ஏற்றது. செட்டியாரும் தம் பங்கை விலை பெறாமலே அளித்தார். பின்னர்ப் பாரதியின் எழுத்து நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவாயிற்று. இன்று நம் பள்ளிப் பிள்ளைகள் எவர் இசைவையும் கேளாமல் பாரதியைப் பாடுவது இவ்வாறு பெற்ற பேறே. அப்போதும் ஒன்றை மறத்தலாகாது: பாரதியின் சொல் நமக்குப் பொது, அதற்குப் பிற்காலத்தார் அமைத்த மெட்டும், ஒரு பாடகர் பாடிய பதிவும் அவரவர்க்கு உரியன.

உரிமையாளர் தாமே முன்வந்து இசைவு தரும் வழியொன்றும் இக்காலத்தில் உண்டு. 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்னும் உரிமங்கள் 2002 முதல் வழங்கி வருகின்றன. அவற்றுள் ஒருவகை, 'என் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்துக' என்னும். இன்னொன்று, 'வாணிகத்திற்குப் பயன்படுத்தற்க' என்னும். மற்றொன்று, 'மாற்றம் செய்யற்க' என்னும். இந்த மாற்றம் செய்யாமை என்பதிலே ஒரு நுட்பம் உளது. இசையைப் படத்தோடு இசைவித்து ஓடவிடுதலே மாற்றம் செய்தலாகும் என அவ்வுரிமங்கள் கொள்கின்றன. ஆகவே அவ்வகை இசை காணொளிப் பின்னணிக்கு உதவாது. 'முப்பது விநாடிக்குட்பட்டால் குற்றமில்லை' என்று பலர் நம்புகின்றனர். நம் சட்டத்தில் அத்தகைய விநாடிக் கணக்கு எதுவும் இல்லை.

இனி, நான் சிறப்பாக வற்புறுத்த விரும்புவது ஒன்று. நாம் ஏன் எங்கோ கிடக்கும் புல்லாங்குழலைத் தேடிச் செல்லவேண்டும்? சித்தூர் வட்டத்துச் சிற்றூர்களிலும், தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை மலைத் தோட்டங்களிலும் தாலாட்டுப் பாடத் தெரிந்த பாட்டிமார் இருக்கின்றனர். பறையும் உறுமியும் முழக்க வல்லோர் இருக்கின்றனர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அட்டப்பாடியின் இருளர் குலப் பெண்மணி நஞ்சியம்மா, 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படத்தில் தம் தாய்மொழியிலே பாடி, 2020ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருதைப் பெற்றார். மலைப்பாட்டின் மதிப்பை நாடே அன்று ஒப்புக்கொண்டது.

ஆயினும், அண்டை வீட்டுப் பாட்டிதானே என்று கேளாமல் பதிவு செய்துவிடுதல் முறையன்று. தாலாட்டு எத்தனை தலைமுறைக்கு முந்தியதாயினும், அதனைப் பாடும் அம்மூதாட்டிக்குத் தம் குரலின்மீது உரிமை உண்டு. அவர் பெயரைச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. எதற்காகப் பதிகிறோம், எங்கே வெளியிடுகிறோம் என்பதைத் தமிழில் விளங்கச் சொல்லி, ஒரு தாளில் எழுதி, கையொப்பமோ கைநாட்டோ பெற்றுக்கொள்ளலாம். காணொளியால் வருவாய் வருமாயின் அவருக்கும் ஒரு பங்கு தருதல் அறம்.

காணொளி செய்யும் இளைஞர்க்குச் சில சொல்லி முடிக்கிறேன். இசையை, அதனை உரிமையோடு வழங்கும் இடத்திலிருந்தே எடுங்கள். பிறர் ஒருவர் தலைப்பில் எழுதியதை நம்பாதீர்கள். யூடியூப் போன்ற தளங்கள் தாமே வைத்திருக்கும் ஒலி நூலகங்களில் பயன்படுத்தத் தக்க இசை கிடைக்கிறது. பெயர் குறிப்பிட வேண்டுமென்று அங்கே சொல்லியிருந்தால் தவறாது குறிப்பிடுங்கள். உரிமம் எழுதிய பக்கத்தை எடுத்த நாளோடு சேமித்து வையுங்கள். பூசல் எழுந்தால் அதுவே உங்கள் சீட்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, பேச்சு வேறு, இசை வேறு எனத் தனித்தனியே பாதுகாத்து வையுங்கள். இசையை மாற்றிக்கொள்ளலாம், மறைந்தவர் குரலை மாற்றிக்கொள்ள முடியாது.

என் தங்கை மகளின் மாணவர்கள் இப்போது வேறொரு முதியவரைப் பதிவு செய்து வருகின்றனர். இம்முறை பின்னணியில் ஒலிப்பது அவர்களுள் ஒரு சிறுமியின் பாட்டி பாடிய தாலாட்டு. படத்தின் முடிவில் பாட்டியின் பெயர் வருகிறது. அதைக் கண்ட பாட்டி, மறுபடியும் ஒருமுறை ஓட்டச் சொன்னாராம்.