மாத்திரை பாதி, நடை பாதி
(பழைய மாணவர் சந்திப்பின் முதல் நாள் ஆற்றிய உரை)



குடும்பத்தினர் எல்லாம் கலை நிகழ்ச்சிக்குப் போன நேரம் பார்த்துத்தான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன். நான் டாக்டர் இல்லை, மெக்கானிக்கல் படித்தவன். பட்டதைச் சொல்கிறேன்.

முப்பத்தைந்து வயதில் எனக்கு ஆண்மைக் குறைவு வந்தது. மனைவியிடம் வாய்விட்டுச் சொல்ல நாலு மாசம் ஆச்சு. "இத்தனாம் தேதி இன்ன லாட்ஜில் வைத்தியர் வருகிறார்" என்று சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். (இந்த மாதிரி விளம்பரத்தை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாச்சு. ஒட்டுறவனுக்கு யார் சொல்றது?) நானும் ஒருநாள் லாட்ஜ் மாடிப்படி வரை போனேன். மேலே தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. திரும்பி வந்துவிட்டேன். அந்த வெட்கம்தான் என்னைக் காப்பாற்றியது.

பிறகு மதுரையில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் முதலில் எடுக்கச் சொன்னது சர்க்கரை, பிரஷர். வெறும் வயிற்றில் 168! அதுவரை எனக்கே தெரியாது. அந்த உறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய் 1, 2 மில்லிமீட்டர்தான். இதயத்துக்குப் போவது 3, 4. குழாய் கெட்டால் சின்னதில்தான் முதலில் தெரியும். சில வருஷம் கழித்து நெஞ்சில் வரக்கூடியதற்கு இது முன்னறிவிப்பு.

சில்டெனாஃபில் எழுதிக் கொடுத்தார். நெஞ்சு வலிக்காக ஆராய்ந்த மருந்து. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. கூடவே "நடக்கணும் தம்பி" என்றார். ஏன் என்று கேட்டேன், இன்ஜினியர் புத்தி!

நம்ம ஊர்க் குளத்தை நினைச்சுக்குங்க. ரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. அதனால் குழாயைத் தளர்த்தும் பொருள் ஒன்று உண்டாகிறது. அது வரத்து. அந்தப் பொருளை அழிக்கும் என்சைம் ஒன்று உண்டு. அது மதகு. மாத்திரை மதகைத்தான் அடைக்கிறது. வாய்க்காலில் தண்ணியே வராவிட்டால் மதகை அடைத்து என்ன செய்ய? வேகமாக நடந்தால் ரத்தம் உட்சுவரை உரசி ஓடும். அந்த உரசலில் நைட்ரிக் ஆக்ஸைடு கூடுதலாகச் சுரக்கும்.

எவ்வளவு நடக்கணும்? 2018-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு: மூச்சு வாங்குகிற அளவில் 40 நிமிஷம், வாரத்துக்கு நாலு நாள், ஆறு மாசம். நான் மலைக்கோட்டை அடிவாரத்தில் நடந்தேன். ரெண்டு மாசம் ஒன்றும் தெரியவில்லை. சண்டை போட டாக்டரிடமே போனேன், சிரித்தார். ஐந்தாம் மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. சர்க்கரை மாத்திரை இன்றும் தினமும் உண்டு, மற்றது எப்போதாவது. அவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தவில்லை.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது. பிரஷர் திடீரென இறங்கி உயிருக்கே ஆபத்து. சும்மா மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற நண்பர்களுக்காகச் சொல்கிறேன்.

நாளைக் காலை ஆறு மணிக்கு ஹாஸ்டல் வாசலிலிருந்து நடக்கக் கிளம்புகிறேன். வர்றவங்க வரலாம். ஏன் வந்தாய் என்று யாரையும் கேட்க மாட்டேன்.