ஓடி நிற்கும் மோட்டார் சைக்கிள்



குளத்து நீரை நம்பி வாழும் வன்னி மக்களுக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் எரிபொருள் வழியை விளக்குவது கடினமான காரியமன்று. மேலே இருக்கும் தாங்கியே குளம். அதன் அடியிலுள்ள திருகுகுழாய் துருசு. அங்கிருந்து இறங்கும் இறப்பர்க் குழாய் வாய்க்கால். காபரேற்றரின் மிதவைக் கிண்ணம் வயல். எண்ணெயை இறைப்பதற்குப் பம்பு எதுவும் அங்கில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அது தானாகவே இறங்குதல் வேண்டும். வயலில் நீர் குறைந்தால் கமக்காரன் வயலைத் தோண்டுவதில்லை. வாய்க்கால் வழியே துருசுவரை நடந்து பார்ப்பான். நாமோ வண்டி நின்றதும் முதற் காரியமாகக் காபரேற்றரைக் கழற்றுகிறோம்!

குளத்துக்கும் தாங்கிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. குளத்துக்கு மூடியில்லை. இந்தச் சிறு வேற்றுமையை யான் அறிந்துகொண்ட இரவை மறக்க இயலாது.

1997ஆம் ஆண்டு ஆடி மாதம். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரம் பக்கத்தில் தங்கியிருந்தோம். யான் அப்பொழுது இளம் ஆசிரியன். என்னிடம் ஒரு பழைய ஹொண்டா சி.டி. 200 இருந்தது, இரட்டை உருளை வண்டி. பெற்றோல் வன்னிக்கு வருவது தடைப்பட்டிருந்த காலமாதலின், அது மண்ணெண்ணெயில் ஓடியது. பெற்றோல் ஏறத்தாழ 40 பாகை வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கோ 150 பாகையளவு வேண்டும். ஆகவே குளிர்ந்த எஞ்சினில் அது தீப்பற்றாது. ஊசிக்குழலால் சில சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். புகையும் கரியும் ஒருபுறமிருக்க, எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயிலும் கலந்து அதை நீர்த்துவிடும். நல்ல வழியென்று யாரும் அதைச் சொல்லவில்லை, வேறு வழியிருக்கவில்லை.

அன்றிரவு என் மாணவன் ஒருவனைப் புடையன் கடித்துவிட்டது. பையனை நடுவில் இருத்தி, அவன் தந்தையார் பின்னால் பிடித்துக்கொள்ள, மல்லாவி வைத்தியசாலை நோக்கிப் புறப்பட்டோம். இரண்டு கட்டை ஓடியதும் வண்டி இருமித் தளர்ந்து நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். சிறிது நேரங்கழித்துப் பெற்றோல் விட்டு உதைக்க, எதுவும் நடவாதது போல ஓடியது. மீண்டும் இரண்டு கட்டை, மீண்டும் நின்றது. போத்தலில் இன்னும் ஒரு தடவைக்கே பெற்றோல் இருந்தது. பையனின் கால் வீங்கிக்கொண்டு வந்தது. யான் காபரேற்றரிற் கை வைத்தபோது தந்தையார் சொன்னார்: "சேர், மூடியைத் திறந்து பாருங்கோ. மண்ணெண்ணெய்த் தகரத்துக்கு ரெண்டு ஓட்டை போடாட்டி எண்ணெய் வராது."

மூடியைத் திருகினேன். "உஸ்" என்ற ஓசையுடன் காற்று உள்ளே பாய்ந்தது. கடைசிச் சொட்டுக்களை விட்டு உதைத்தேன். மூடியை இறுக்காமல், அதன்மேல் ஒரு துணியைச் சுற்றி ஓட்டினேன். வைத்தியசாலை வாசல்வரை வண்டி நிற்கவில்லை. பையன் பிழைத்தான்.

கலைப்பட்டதாரியாகிய எனக்குப் பௌதிகம் கற்பித்தவர் ஒரு கமக்காரர் என்பதை மகிழ்வுடன் ஒப்புக்கொள்கிறேன். தாங்கியின் மூடியில் ஊசிமுனையளவு காற்றுத் துளையொன்று உண்டு. எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று அதன் வழியே நுழைதல் வேண்டும். கிரவல் வீதிப் புழுதி அதை அடைத்துவிட்டால் உள்ளே காற்றழுத்தம் குறைந்து, எண்ணெய் இறங்காது நின்றுவிடும். சற்றுப் பொறுத்தால் இடுக்குகளால் காற்றுக் கசிந்து நுழைய, வண்டி திரும்பவும் ஓடும். ஓடி நிற்பதும் ஆறி ஓடுவதும் இந்நோயின் குறியே. யாம் பிளக்கைத் துடைத்ததாற் குணமாயிற்று என்று ஏமாறுகிறோம்.

தீப்பொறிக் கோளாறாயின் விளக்கை ஊதி அணைத்தாற்போல் எஞ்சின் சட்டென நிற்கும். எண்ணெய்த் தட்டுப்பாடாயின் இருமி, இழுவை குறைந்து நிற்கும். ஓடும்போது சோக்கைச் சிறிது இழுக்கையில் வேகம் திரும்புமாயின் ஐயமே வேண்டாம். அப்பொழுது எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, அருகில் நெருப்பில்லாத இடத்தில், இறப்பர்க் குழாயைக் காபரேற்றரிலிருந்து கழற்றி ஒரு போத்தலுக்குள் பிடித்துத் திருகுகுழாயைத் திறவுங்கள். நன்றாக ஓடித் தொடங்கி வரவரச் சொட்டாகி, மூடியைத் திறந்ததும் மீண்டும் ஓடினால் குற்றம் மூடியினுடையது. மூடி திறந்திருந்தும் சொட்டினால், திருகுகுழாயின் வடிகட்டியில் துருவும் சேறும் படிந்திருக்கும். ஓட்டம் ஒழுங்காயிருந்தால் மட்டுமே காபரேற்றரைத் திறக்க வேண்டும். அங்கேயுள்ள ஜெற்றின் துளையை உருக்குக் கம்பியாற் குத்துவோர் பலர். துளை பெருத்துவிட்டால் எண்ணெய் மிகுதியாகிப் புகை கக்கும். வாயால் ஊதாமல், பம்பால் காற்றடிப்பதே போதுமானது. மிதவை ஊசியின் அடியில் தூசு சிக்கினால் இதற்கு மாறாக எண்ணெய் வழிந்தோடும். கிண்ணத்தைத் திருப்புளியின் மரப்பிடியால் மெல்லத் தட்டப் பெரும்பாலும் சரியாகும்.

2022ஆம் ஆண்டு எரிபொருளுக்காக நாடெங்கும் வரிசையில் நின்றபோது இன்னொரு பாடம் கற்றோம். வெறுந்தாங்கியோடு மாதக்கணக்கில் நின்ற வண்டிகளின் தாங்கிக்குள் இரவு ஈரம் வியர்த்துத் துருப் பிடித்தது. பெற்றோல் கிடைத்த அன்றே அந்தத் துரு வடிகட்டிக்கு இறங்கியது. எமது பாடசாலை ஆசிரியர்கள் இருவரின் வண்டிகள் ஒரே கிழமையில் நின்றன. இருவரும் காபரேற்றரையே குறை கூறினர்.

என் சி.டி. 200 இன்றும் முற்றத்தில் நிற்கிறது. அதன் மூடித் துளையை மாதமொருமுறை ஒரு தையலூசியால் திறந்துவிடுகிறேன். அன்றைய பையன் இன்று முறிகண்டிப் பக்கத்தில் உழவு இயந்திரம் திருத்துகிறான். என் வண்டிக்கு அவன் கூலி வாங்குவதில்லை. வாங்கச் சொல்லி யான் சண்டையிடுவதுண்டு.