மிக்ஸி ஏன் துரத்துகிறது?

ராத்திரி போனில் ஒரு மிக்ஸிக்கு விலை பார்த்திருப்பீர்கள். காலையில் செய்தி படிக்கத் திறந்தால், அங்கேயும் அதே மிக்ஸி! எல்லாம் குக்கீ செய்கிற வேலை.

1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி என்பவர் உருவாக்கிய சின்னக் குறிப்பு அது. கடைத்தளம் நம் கூடையில் இருப்பதை மறக்கக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். விளம்பரக் கம்பெனிகள் விடுமா? நீங்கள் போகிற தளத்தில் அவர்கள் விளம்பரம் இருந்தால், அவர்களுடைய குக்கீயும் உங்கள் போனில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த தளத்திலும் அவர்கள் விளம்பரம் இருந்தால், அந்தக் குக்கீயை வைத்து உங்களை அடையாளம் கண்டு அதே மிக்ஸியைக் காட்டுவார்கள். இதுதான் மூன்றாம் தரப்பு குக்கீ. சஃபாரி உலாவி தானாகவே இதைத் தடுத்துவிடும். குரோமில் நாம்தான் அமைப்புகளுக்குள் போய், தனியுரிமைப் பகுதியில் தடுக்க வேண்டும்.

குரோமின் இன்காக்னிட்டோ என்ற மறைமுறையில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று பலருக்கு நினைப்பு. அடுத்து போனை எடுக்கிற வீட்டுக்காரருக்குத் தெரியாது. போகிற தளத்துக்கும் நெட் கொடுக்கும் கம்பெனிக்கும் தெரியும். இன்காக்னிட்டோவிலும் பின்தொடர்ந்ததாகச் சொல்லி 2020-இல் அமெரிக்காவில் கூகுள் மேல் வழக்கே போட்டார்கள். 2024-இல் சமரசமாகி, சேர்த்த பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது.

கூகுளுக்குப் பதிலாகத் தேடுவதற்கு டக்டக்கோ என்ற தேடுபொறி இருக்கிறது. யார் என்ன தேடினார்கள் என்று சேர்த்து வைப்பதில்லை என்கிறது. தமிழில் தேடினால் சில சமயம் கையை விரித்துவிடும். அப்போது மட்டும் கூகுள் பக்கம் போய்வரலாம்.