பகலில் வேட்டையாடும் ஆந்தை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

மங்கலமான ஆண்டு விழா மேடையில் ஆந்தையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆந்தை அலறினால் வீட்டிற்குத் தீங்கு வரும் என்ற நம்பிக்கையையும் ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள்தாமே நாம்! ஆயினும் நம் முன்னோர் அதனைக் கூகை என்றும் குடிஞை என்றும் பெயரிட்டுக் கூர்ந்து நோக்கினார்கள். புறநானூற்றுப் புலவர் ஒருவருக்குக் கூகைக் கோழியார் என்பதே பெயர். பகலில் கூகையைக் காக்கை வென்றுவிடும் என்று காட்டிக் காலமறிதலை விளக்கினார் வள்ளுவர்.

அந்த உவமையில் அடங்காத ஓர் ஆந்தை, நாம் பிழைக்க வந்த இம்மராட்டிய மண்ணில் வாழ்கின்றது. காட்டுச் சிற்றாந்தை என்று அதனை அழைக்கலாம். ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் நீளமே உள்ள சிறு பறவை அது. இலையுதிர்ந்த மரத்தின் உச்சிக் கொம்பில் பட்டப்பகலில் அமர்ந்து, பல்லியையும் எலியையும் பெரும் பூச்சிகளையும் பிடித்து உண்ணும். முதிய மரத்தின் பொந்தே அதற்கு வீடு. நடு இந்தியாவின் தேக்கங்காடுகளையன்றி உலகில் வேறெங்கும் அது இல்லை.

இதன் வரலாறு துப்பறியும் கதை போன்றது. 1872ஆம் ஆண்டில், இன்றைய சத்தீஸ்கர் மாநிலப் பகுதியில், பிளெவிட் என்பவர் இதனை முதலில் சேகரித்தார். அடுத்த ஆண்டே ஹியூம் இதனை உலகிற்கு அறிவித்தார். பின்னர்க் காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான அதே ஹியூம்தான். 1884க்குப் பின் இப்பறவை எவர் கண்ணிலும் படவில்லை. 1914இல் குஜராத்தில் தாம் பிடித்ததாக மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்தார். அறிஞர் சாலிம் அலியும் ரிப்ளேயும் பிற்காலத்தில் தேடிச் சென்று வெறுங்கையுடன் திரும்பினர். மைனர்ட்ஸ்ஹாகன் காட்டிய பறவை அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்ட பழைய பாடம் என்பது பின்னரே வெளிப்பட்டது. பொய்க் குறிப்பை ஒதுக்கி, மெய்யான குறிப்புகளைப் பின்பற்றிச் சென்ற ராஸ்முசன் அம்மையாரின் குழுவினர், 1997 நவம்பர் 25ஆம் நாள், ஷஹாதாவுக்கு அருகில் இதனை உயிருடன் கண்டனர். இடையில் கழிந்தவை 113 ஆண்டுகள்!

இதனினும் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. 2014இல் தான்சா சரணாலயத்திலும் இப்பறவை காணப்பட்டது. தான்சா ஏரியின் நீரைத்தானே மும்பைவாழ் தமிழர்களும் பருகுகின்றோம்! அந்த நீரைக் காக்கும் காடே இந்தப் பறவையையும் காக்கின்றது.

புதிய இடங்களில் காணப்பட்டமையால், 2018இல் உலகச் செம்பட்டியலில் இதன் நிலை ஒரு படி தளர்த்தப்பட்டது. எனினும் ஆபத்து நீங்கவில்லை. முதிர்ந்த பறவைகள் ஆயிரத்தை எட்டா என்பதே கணிப்பு. காட்டை உழுநிலமாக்குவதும், விறகுக்கு வெட்டுவதும், தீ மூட்டுவதும் அதன் வாழிடத்தைச் சுருக்குகின்றன. பொந்துள்ள கிழமரத்தைப் பயனற்றதென்று நாம் வெட்டினால், அங்கே ஒரு குடும்பத்தின் கூரை பெயர்கின்றது. புதிய கன்று நட்டு அதனை ஈடு செய்ய இயலாது. கன்று வளர்ந்து முதிர்ந்து பொந்து விழப் பல்லாண்டுகள் ஆகும்.

மாந்திரீகத்தின் பெயராலும் ஆந்தைகள் கொல்லப்படுகின்றன. திருமகளின் ஊர்தி என்று வடநாட்டார் போற்றும் பறவையையே தீபாவளிக் காலத்தில் பலியிடுவோரும் உளர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் தடுக்கின்றது. சந்தையில் அவற்றைக் கண்டால் வனத்துறைக்கு அறிவிப்போம். இரக்கப்பட்டுக் காசு கொடுத்து வாங்குவதும் அவ்வணிகத்தை வளர்ப்பதே.

நம்மை வாழவைக்கும் மண்ணுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் பல. அம்மண்ணுக்கே உரிய சிற்றுயிரை அறிந்துகொள்வதும் அவற்றுள் ஒன்று. ஆந்தை அலறும்போது கதவைச் சாத்தாமல், அது எந்த ஆந்தை என்று நம் பிள்ளைகளைக் கேட்கப் பழக்குவோமாக.