மகப்பேற்று மருத்துவமும் மனையறத்தார் கடமையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



யாம் மருத்துவரல்லோம், இருப்புப் பாதை அலுவலகத்தில் கணக்கெழுதும் எளிய எழுத்தர். ஆயினும், எம் இல்லத்தில் பட்டறிந்த ஒன்றை நம் காலனிக் குடும்பங்களுக்கு எடுத்துரைத்தல் நலம் எனச் சங்கத்தார் பணித்தனர். பணியை ஏற்றோம்.

நம் பாட்டன்மார் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, இக்கோலார் தங்கவயலில் பொன் தோண்டினர். 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. ஆயினும் லைன் வீடுகள் இன்றும் உள்ளன. ஒரு வீட்டுப் பேச்சு மறு வீட்டுச் செவியில் விழும். மணமாகி ஈராண்டு கடந்தும் தொட்டில் ஆடாவிடின், குழாயடியில் நிற்கும் பெண்ணை நோக்கி, "ஏதேனும் விசேஷம் உண்டா?" என வினவுவர். அவள் கணவனை எவரும் வினவுவதில்லை. மருத்துவ நூலோர் கூறுவது யாது? குழந்தைப்பேறு தடைப்படுவதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெண்ணிடத்தும், அவ்வளவே ஆணிடத்தும் காரணம் உண்டு. எஞ்சியவற்றில் இருவரிடத்தும் குறை இருக்கலாம், அன்றிக் காரணமே புலப்படாமலும் போகலாம். ஆணுக்குரிய விந்துச் சோதனையோ மிக எளியது. ஆதலின் ஆண்மக்கள் முதல் நாளே அச்சோதனைக்கு உடன்படுதல் அறமாகும்.

இம்மருத்துவத்தின் வரலாற்றையும் சிறிது நோக்குவோம். 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3இல், கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் என்பாரின் முயற்சியால் நம் நாட்டிலும் அத்தகைய குழந்தை பிறந்தது. ஆனால் அவர் சொல்லை எவரும் நம்பினாரில்லை. ஏளனத்தாலும் தடைகளாலும் மனமுடைந்து 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் பம்பாயில் குழந்தை பிறக்கச் செய்த விஞ்ஞானி ஆனந்தகுமார், பின்னர் முகோபாத்யாயின் குறிப்புகளைக் கண்டு, "முதன்மை அவருக்கே உரியது" என 1997இல் உலகறிய உரைத்தார். தமக்குக் கிட்டிய புகழைத் தாமே பிறருக்கு உரிமையாக்கிய அப்பெருந்தகைமை போற்றத்தக்கது. சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் 1990இல் இத்துறையில் வெற்றி கண்டார்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். சூலகத்தினின்று கருமுட்டையை வெளியே எடுத்து, ஆய்வுக்கூடத்தில் கருவாக்கி, மீண்டும் கருப்பையில் வைப்பதே இதன் சுருக்கம். இயல்பாகத் திங்களுக்கு ஒரு முட்டையே முதிரும். பல முட்டைகள் முதிரும்பொருட்டு, மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் தொடங்கி, ஏறத்தாழ பத்து நாள்கள் ஊசி இடுவர். இடையிடையே ஸ்கேனும் இரத்தச் சோதனையும் உண்டு. இதற்காக எம் துணைவியார் மாரிக்குப்பத்தில் விடியற்காலை வண்டியேறிப் பெங்களூர் சென்று வந்தார். சில ஊசி மருந்துகளைக் குளிர்ச்சியில் வைத்தல் வேண்டும். எம் வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லை. அண்டை வீட்டு அக்கா தம் பெட்டியில் இடம் தந்தார். "என்ன மருந்து?" என்று அவர் ஒரு சொல்லும் கேட்டாரில்லை. அவ்வுதவியை யாம் மறவோம்.

முட்டைகள் முதிர்ந்தபின் இறுதி ஊசி ஒன்று இடுவர். அதன்பின் 34 முதல் 36 மணி நேரத்திற்குள் முட்டையை எடுத்தாக வேண்டும். ஆதலின் அவ்வூசியை மருத்துவர் குறித்த மணியில் இடுதல் இன்றியமையாதது. வண்டி நேரம் காக்கும் நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? மயக்க மருந்து தருவதால் ஆறு மணி நேரம் முன்னரே உணவை நிறுத்தல் வேண்டும். நகைகளைக் கழற்றி வைத்தல் வேண்டும். நறுமணப் பொருள் பூசலாகாது. ஸ்கேன் படத்தைப் பார்த்தவாறே பிறப்புவழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தி முட்டைகளை எடுப்பர். வயிற்றைக் கிழித்தல் இல்லை; தையலும் இல்லை. அரைமணி நேரத்திற்குள் முடிந்து, அன்றே வீடு திரும்பலாம். துணைக்கு ஒருவர் கட்டாயம் செல்லல் வேண்டும்.

அடுத்த ஓரிரு நாள் அடிவயிற்றில் வலியும் சிறிது இரத்தக் கசிவும் இருத்தல் இயல்பு. சூலகம் பருத்திருப்பதால் குடம் தூக்குதலும் பளுவான வேலையும் ஆகா. ஆனால் வயிறு விரைந்து உப்புதல், எடை ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறுதல், ஓயாத வாந்தி, சிறுநீர் குறைதல், மூச்சுத் திணறல், கடும் காய்ச்சல், மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் நொடியும் தாழ்த்தலாகாது. சூலகத்தில் நீர்க்கட்டிகள் உடைய பெண்களுக்கு இவ்விடர் மிகுதி.

எம் துணைவியாருக்கு மூன்றாம் நாள் மாலையில் வயிறு உப்பிற்று. வீட்டுப் பெரியோர் வாயுத் தொல்லை என்று எண்ணி ஓமநீர் காய்ச்சினர். அவர்தம் அன்பில் குறையில்லை. ஆயினும் மருத்துவமனை தந்த தாளில் எழுதியிருந்த குறிகள் கண்முன் நின்றன. அன்றிரவே வாடகைக் காரில் அழைத்துச் சென்றோம். நான்கு நாள் படுக்கையில் இருந்து நலமடைந்தார். கருக்களை உறைநிலையில் காத்து, இரண்டு திங்கள் கழித்தே கருப்பையில் வைத்தனர். கரு தங்கவில்லை. முயற்சி ஒவ்வொன்றும் கனியாகும் என எவரும் உறுதி கூற இயலாது. வயது ஏற ஏற வாய்ப்புக் குறையும். உறுதி கூறிப் பணம் கேட்போரிடம் எச்சரிக்கை வேண்டும். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய மருத்துவமனைகள் பதிவு பெற்றிருத்தல் வேண்டும்; இருவரின் எழுத்துமூல ஒப்புதலும் வேண்டும். கையொப்பமிடுமுன் படித்துணர்க, புரியாதன வினவுக.

அன்பர்களே! இறுதியாகச் சில வேண்டுகோள்கள். சிகிச்சைக்குச் செல்லும் பெண்ணின் வீட்டு வேலையைக் கணவனும் மாமியாரும் பத்து நாள் பகிர்ந்துகொள்க. கந்துவட்டிக் கடனில் சிகிச்சையைத் தொடங்கற்க. இரவில் மருத்துவமனைக்கு விரைவோருக்கு வண்டி ஏற்பாடு செய்ய, நம் சங்கம் சிறு நிதி ஒன்று தொடங்குக; முதல் தொகையை யாம் இன்றே செலுத்துகிறோம். மகவின்றி வாழும் இல்லத்தாரையும் வளைகாப்புக்கும் பெயர்சூட்டு விழாவிற்கும் முன்வரிசைக்கு அழையுங்கள். எம் இல்லத்தார் அத்தகைய அழைப்பை எதிர்நோக்கி நிற்கின்றனர்.